‘வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ’ என்று அம்மா அழும்போது

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில், மறதி நோய் கண்ட 78 வயதான உங்கள் அம்மாவைச் சேர்த்து ஒன்பது நாள்கள் ஆகின்றன. பார்க்கப் போன இரண்டு முறையும் அவர் உங்கள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, ‘என்னை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ’ என்று அழுதிருக்கிறார். அடுத்த இரண்டு வாரங்களுக்குக் குடும்பத்தார் யாரும் வராமல் இருந்தால்தான் அவர் அந்த இடத்துக்குப் பழகுவார் என்று இல்லத்தின் மேற்பார்வையாளர் சொல்கிறார். திரும்ப அழைத்து வந்துவிடலாம் என்கிறார் உங்கள் அண்ணன். சிங்கப்பூரில் இருக்கும் அக்காள் ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் அழுகிறார். இவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அழுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்பதாம் நாளில் அவரை அழைத்து வந்துவிட வேண்டாம். இரண்டு வாரம் வராதீர்கள் என்ற விதியையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். போங்கள், ஆனால் போகும் நேரத்தையும், அங்கே இருக்கும் கால அளவையும், விடைபெறும் விதத்தையும் மாற்றிக்கொண்டு போங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் அம்மா எப்படிப்பட்டவர் என்பதை அந்த இல்லத்தாருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. நான் பினாங்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் மறதி நோயாளிகளோடுதான் கழிந்தன. புது இடத்தில் சேர்ந்த பெரியவர்கள் நிலைகொள்ளாமல் தவித்ததற்கு நான் கண்ட காரணங்களில் பாதிக்கு மேல், அவர்களைப் பற்றி வீட்டாருக்குத் தெரிந்த ஏதோ ஒரு சிறு விஷயம் இல்லத்தாருக்குத் தெரியாமல் போனதுதான்.

நமக்கெல்லாம் ஒரு புது வீடு மூன்றாம் நாளே பழகத் தொடங்கிவிடும். கழிவறை எந்தப் பக்கம், விளக்கின் சுவிட்ச் எங்கே என்பதெல்லாம் நம்மை அறியாமலே மனத்தில் பதிந்துவிடும். மறதி நோயின் பரவலான வகையான அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபடும் மூளைப் பகுதிகளில் ஒன்று, புதிய நினைவுகளைப் பதிவு செய்ய உதவும் ஹிப்போகேம்பஸ். அதனால் உங்கள் அம்மாவுக்கு ஒன்பது நாள்கள் கழிந்திருக்கின்றன என்று சொல்வதைவிட, முதல் நாளே ஒன்பது முறை வந்திருக்கிறது என்று சொல்வதுதான் பொருந்தும். ஆயினும் நினைவு என்பது ஒரே பெட்டியில் இருக்கும் பொருள் இல்லை. காலையில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாதவர்கூட, எந்த நாற்காலி தன்னுடையது என்பதையும், எந்த முகம் தன்னிடம் அன்பாக நடந்துகொள்கிறது என்பதையும் உடம்பாலும் உணர்ச்சியாலும் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறார். அதற்கு ஒரே காரியம் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஆகவே, அவருக்கென்று ஒரு குறிப்பிட்ட இருக்கையையும், முடிந்தவரை ஒரே பணியாளரையும் ஒதுக்கித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். சிலர் சில வாரங்களில் நிலைகொள்கிறார்கள், சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. ஒன்பது நாள்களை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அடுத்து, அந்த ‘வீடு’ என்ற சொல். இருபது, முப்பது ஆண்டுகளாகச் சொந்த வீட்டிலேயே இருக்கும் மறதி நோயாளிகளும், தம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கேட்பது சாதாரணம். உங்கள் அம்மாவும் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டிலேயே அப்படிக் கேட்டிருக்கலாம், நினைத்துப் பாருங்கள். சில சமயம் அந்தச் சொல் சின்ன வயதில் இருந்த வீட்டைக் குறிக்கும். பல சமயம் அது ஓர் இடத்தையே குறிப்பதில்லை. சிறுநீர் முட்டுகிறது, முழங்கால் வலிக்கிறது, பசிக்கிறது, மின்விசிறிக் காற்று குளிர்கிறது, இங்கே இருப்பவர்கள் யாரென்று தெரியவில்லை என்பவற்றில் ஏதோ ஒன்றை அந்த ஒரு வாக்கியத்தால்தான் அவரால் சொல்ல முடிகிறது. ஆகையால் பதில் சொல்வதற்கு முன்னால் கழிவறைக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள், தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், எங்கேயாவது வலிக்கிறதா என்று தொட்டுக் கேளுங்கள். அவர் கேட்கும் நேரத்தையும் குறித்து வையுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் இந்தத் தவிப்பு கூடுவது மறதி நோயில் மிகவும் அறியப்பட்ட ஒன்று. வெளிச்சம் குறைவதும், நாள் முழுதும் சேர்ந்த களைப்பும், பணியாளர்கள் வேலை மாறும் சந்தடியும் சேர்ந்து அதைக் கிளப்பிவிடுகின்றன. வேலை முடிந்து மாலையில் நீங்கள் போனால், அவருடைய மிக மோசமான நேரத்தில்தான் அவரைப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா நான் இருந்த ஓர் இல்லத்தில் இருந்தார். தினமும் ஐந்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு கிரில் கதவுக்கு முன்னால் வந்து நின்று, ‘ஃபெரி போயிருச்சா?’ என்று கேட்பார். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய பழைய ஃபெரிகளெல்லாம் நின்றுவிட்டன என்று ஓர் இளம் பணியாளர் அவருக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். விளக்க விளக்கத் தாத்தா கதவைப் பிடித்து உலுக்கினார். வேறொரு பணியாளர் வந்து, ‘ஃபெரியில எந்தப் பக்கம் உட்காருவீங்க தாத்தா? காத்து வர்ற பக்கமா?’ என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே தாத்தா அவரோடு பத்தடி நடந்து வந்து, தேநீர் மேசையில் உட்கார்ந்துவிட்டார். பொய்யும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அந்தத் தாத்தாவுக்கு வேண்டியிருந்தது, வேலை முடிந்த மனிதனுக்கு உரிய மரியாதையும் ஒரு கோப்பைத் தேநீரும்தான்.

உங்கள் அம்மா கேட்கும்போதும் இதையே செய்து பாருங்கள். ‘இதுதானம்மா இனிமேல் உங்கள் வீடு’ என்று சொல்லாதீர்கள். அது அவருக்கு வெறும் தண்டனையாகத்தான் கேட்கும். ‘நாளைக்குக் கூட்டிப் போகிறேன்’ என்றும் சொல்லாதீர்கள். மறந்துவிடுவார் என்ற தைரியத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் துணிகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு மறுநாள் முழுதும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அம்மாமார்களை நான் கண்டிருக்கிறேன். ‘வீட்டு ஞாபகம் வந்துருச்சாம்மா? வீட்டுல இந்நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருப்பீங்க?’ என்று வீட்டைப் பற்றியே பேசவிடுங்கள். இறந்துபோன அப்பாவைப் பற்றிக் கேட்டாலும் வழி இதுதான். அவர் காலமாகிவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டினால், அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. ‘அப்பாவுக்கு என்ன கறி ரொம்பப் பிடிக்கும்?’ என்று திருப்புங்கள். ஆனால் அவர் நேராகக் கண்ணைப் பார்த்து, ‘உண்மையைச் சொல், அவர் செத்துட்டாரா?’ என்று தெளிவாகக் கேட்டால், ஆமாம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெளிவாகக் கேட்பவரிடம் மழுப்புவது நியாயமில்லை என்பது என் கருத்து.

இல்லத்தாருக்குக் கற்றுக்கொடுப்பது என்று மேலே சொன்னேனே, அதற்கு ஒரு பாட்டியின் கதை. கெடா பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். சேர்ந்த முதல் வாரத்திலேயே இரவுப் பணியாளர்களின் குறிப்பேட்டில், ‘இரவில் தூங்குவதில்லை, அலைகிறார், மற்றவர்களை எழுப்புகிறார்’ என்று எழுதப்பட்டுவிட்டது. மருத்துவர் தூக்க மாத்திரை கொடுத்தார். அதன் மயக்கம் காலையிலும் தெளியாமல், குளியலறை வாசலில் விழுந்து புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. இதற்கிடையில் சாப்பாட்டுக் கூடத்துக் கோப்பைகள் வேறு தினமும் காணாமல் போயின. எல்லாம் பாட்டியின் கட்டிலுக்கு அடியில் வரிசையாக அடுக்கியிருக்கும். கோப்பையைப் பிடுங்கினால் அடிக்கக் கை ஓங்குவார். திருட்டுக் குணம், முரட்டுக் குணம் என்று பெயர் வாங்கிவிட்டார்.

மகளை வரவழைத்துக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு அழுதார். நாற்பது ஆண்டுகளாக அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்று பழகிய உடம்பு அது. வெயில் ஏறிவிட்டால் பால் நன்றாக இறங்காது. அதனால் நேரமாகிவிட்டது என்ற பதற்றம் நினைவு போனபின்பும் போகவில்லை. கோப்பைகளை அவர் திருடவில்லை. மரத்துக்கு மரம் போய், பால் வடியும் கிண்ணமாகிய மங்கைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். கோப்பையின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி வழிப்பதை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம், யாருக்கும் புரியவில்லை. அதன்பிறகு இரவு எட்டு மணிக்கே அவரைப் படுக்க வைத்தார்கள். காலை நாலரைக்குச் சமையலறை விளக்கைப் போட்டு, ஒரு மக் கோப்பி ஓவும் (பால் கலக்காத கோப்பி) இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பதினைந்து பிளாஸ்டிக் கோப்பைகளும் ஒரு துணியும் அவருக்கென்று ஒதுக்கினார்கள். துடைத்து அடுக்கிவிட்டு ஆறு மணிக்கு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். தூக்க மாத்திரையை மருத்துவர் நிறுத்திவிட்டார். மகளுக்குத் தெரிந்திருந்த அந்த ஒரு செய்தியை முதல் நாளே நாங்கள் கேட்டிருந்தால், புருவத்துத் தையல் விழுந்திருக்காது. கேட்காதது எங்கள் பிழை.

ஆகவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் இருக்கும். எத்தனை மணிக்கு எழுவார், காலையில் முதலில் எதைக் கேட்பார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், விளக்கு எரிய வேண்டுமா, என்ன வேலை செய்தார், எதற்குப் பயப்படுவார், கோபம் வந்தால் எதைச் சொன்னால் தணிவார், அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பவை அந்தப் படிவத்தில் இருக்காது. ஆயுள் முழுதும் ‘டீச்சர்’ என்று அழைக்கப்பட்டவரைப் பணியாளர்கள் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். காது கேட்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். தாளை நீட்டமாக எழுதாதீர்கள். ஒரு பக்கம், பெரிய எழுத்து, மலாயில். கட்டிலின் தலைமாட்டில் ஒட்டும்படி கேளுங்கள்.

மலாயில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நம் நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் கைவேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியா, மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். உங்கள் அம்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறீர்கள். பசாரில் பேரம் பேசிய மலாய் இனியும் கைகொடுக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். மறதி நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழிகள் பெரும்பாலும் முதலில் நழுவிப்போய், தாய்மொழியே மிஞ்சுகிறது. ‘ஒண்ணுக்கு வருது’ என்று ஓர் அம்மா நான்கு முறை சொல்லியும் புரியாமல், பணியாளர் நான்கு முறையும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் துணி நனைந்து, வெட்கத்தில் அவர் கத்த, ‘ஆக்ரோஷமானவர்’ என்று குறிப்பு எழுதப்பட்டது, மறுநாளிலிருந்து பேம்பர்ஸ். பத்தே பத்துத் தமிழ்ச் சொற்களை ரூமி எழுத்தில் (மலாய் எழுதும் ரோமன் எழுத்து) எழுதி, பக்கத்தில் மலாய்ப் பொருளைப் போட்டுக் கொடுத்தால் இது நடந்திருக்காது. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, தண்ணி, பசிக்குது, வலிக்குது, குளிருது, பயமா இருக்கு, வேணாம், வாங்கம்மா, உட்காருங்க. இவ்வளவு போதும். பணியாளர்கள் இதை ஆர்வமாகக் கற்றுக்கொள்வார்கள். யாரோ ஒருத்தி கொச்சையாக ‘வாங்கம்மா’ என்றதும் அந்த முகத்தில் வரும் மாற்றத்தை அவர்களே பார்ப்பார்கள். அறையில் சிறிய வானொலி ஒன்று வைத்து, காலையில் ஒரு மணி நேரம் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் வைக்கச் சொல்லுங்கள். நாள் முழுதும் ஓடவிட வேண்டாம். இடைவிடாத சத்தம் குழப்பத்தைக் கூட்டும்.

குளியல்தான் அதிகமான போராட்டம் நடக்கும் இடம். வாளியில் மொண்டு குளித்தே பழகியவரை ஷவருக்கு அடியில் நிறுத்தினால், தலைக்கு மேலிருந்து எதிர்பாராமல் கொட்டும் தண்ணீர் அவருக்குத் தாக்குதலாகவே தெரியும். ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் காலில் ஊற்றிவிட்டு மேலே வரச் சொல்லுங்கள். மார்புக்குக் குறுக்கே ஒரு கைலியைக் கட்டியபடியே குளிக்க விடுங்கள். உடுப்பிலும் இதே கதைதான். மாற்றிவிட வசதி என்று டீசட்டையும் கால்சட்டையும் போட்டுவிடுவார்கள். சேலையோ கைலியோ தவிர வேறெதுவும் உடுத்தாத ஒருவருக்கு அது அரைகுறையாக நிற்பது போன்ற கூச்சத்தைத் தரும், அதனால் உருவி எறிவார். முன்பக்கம் திறக்கும் தளர்வான நைட்டியும் தோளில் ஒரு துண்டும் இருவருக்கும் ஒத்துவரும். நகைகளை வீட்டில் வைத்துவிடுங்கள். மூக்குத்தியைக் கழற்ற விடமாட்டார் என்றால் படம் எடுத்து, இல்லத்தின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமி படம் வையுங்கள், ஆனால் தீபம் ஏற்ற அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு போதும். கற்பூரத்தை எக்காரணம் கொண்டும் அறையில் விடாதீர்கள். கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். விழுங்கிய கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. அலமாரியில் போடும் பூச்சி உருண்டைக்கும் இதே எச்சரிக்கைதான். புகைப்படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது போன வருடத்துக் குடும்பப் படத்தைவிட அவருடைய கல்யாணப் படத்தையும் அவருடைய அம்மாவின் படத்தையும் வையுங்கள். தம் பிள்ளைகளை இப்போதைய நரைத்த தலைகளோடு அடையாளம் தெரியாதவர்கள், ஐம்பது ஆண்டுக்கு முந்திய முகங்களை நொடியில் அடையாளம் காண்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார், வெள்ளிக்கிழமை சைவம் என்பவற்றை எழுதியே கொடுங்கள்; வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர் தட்டைத் தள்ளிவிடுவார், ‘சாப்பிட மறுக்கிறார்’ என்று ஆகிவிடும். கரண்டியால் ஊட்டுவதைவிடக் கையால் சாப்பிட விடச் சொல்லுங்கள். கை வாய்க்குப் போகும் பழக்கம் நெடுநாள் நிற்கும். சர்க்கரை நோய் இருப்பதால், நீங்கள் கொண்டுபோகும் பலகாரத்தை இல்லத்தாரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

இனி, நீங்கள் போய்ப் பார்ப்பது. காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் போகப் பாருங்கள். முக்கால் மணி நேரம் போதும். சும்மா எதிரில் உட்கார்ந்து, ‘சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, நான் யாருன்னு தெரியுதா’ என்று கேள்வி கேட்காதீர்கள். பதில் தெரியாத கேள்வி ஒவ்வொன்றும் அவருக்குப் பரீட்சை. ஏதாவது ஒரு வேலையோடு போங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிடுங்கள், நகம் வெட்டுங்கள், ஒரு முழம் பூ கட்டும்படி உதிரி மல்லிகையும் நாரும் கொண்டுபோய்க் கொடுங்கள். விரல்கள் தாமாகவே கட்டத் தொடங்கிவிடும். கைப்பையையும் கார்ச் சாவியையும் அவர் கண்ணில் படாமல் இல்லத்தின் அலுவலகத்திலேயே வைத்துவிடுங்கள், ஏனெனில் அவை புறப்பாட்டின் அறிகுறிகள். மதியச் சாப்பாடு வரும் நேரத்தில், தட்டு அவர் முன்னால் வைக்கப்பட்டு, பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, ‘கையைக் கழுவிட்டு வர்றேம்மா’ என்பதுபோல் இலேசாக எழுந்து வந்துவிடுங்கள். கட்டிப்பிடித்து அழுது விடைபெறுவது நம் மன ஆறுதலுக்காக நாம் செய்வது. காரணம் மறந்து அந்தக் கலக்கம் மட்டும் மாலைவரை அவரிடம் தங்கிவிடும். அவ்வாறே நல்ல பொழுதும் தங்குகிறது. நீங்கள் வந்ததே அவருக்கு நினைவில்லாமல் போகலாம், எண்ணெய் தேய்த்துவிட்ட இதம் போகாது.

மேற்பார்வையாளர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். யாராவது வந்து போன பிறகு, ஒருவர் மூன்று மணி நேரம் கதவருகே நின்று அழுகிறார் என்றால் வருகையின் அளவைச் சற்றுக் குறைத்துப் பார்ப்பது தவறில்லை. ஆனால் அதை ஒவ்வொருவருக்கும் கவனித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் கிளம்பி அரை மணி நேரம் கழித்து அம்மா எப்படி இருக்கிறார் என்று தொலைபேசியில் கேளுங்கள். பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறார் என்ற பதில்தான் வரும். குடும்பத்தார் வரவே கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாக விதி வைக்கும் இல்லத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சமூக நலத்துறையின் கீழ் வரும் இல்லமாக இருந்தால் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும்; மருத்துவப் பராமரிப்பு இல்லங்கள் சுகாதார அமைச்சின் பொறுப்பில் வருகின்றன.

உறவினர்களை மட்டும் உண்மையிலேயே இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். ‘ஐயோ அக்கா, உங்களை இங்க கொண்டுவந்து போட்டுட்டாங்களா’ என்று வாசலிலிருந்தே அழுதுகொண்டு வரும் ஒரு சித்தி, நீங்கள் பத்து நாளில் கட்டியதைப் பத்து நிமிடத்தில் கலைத்துவிடுவார். பெற்ற தாயை ஹோமில் விட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசும்தான். மறதி நோய் ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் அதிசயம் என்று ஊர் நினைக்கிறது. மலேசியாவின் 2018ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டது. பேசுகிறவர்களின் வீட்டிலும் நாளை ஒருவர் இருப்பார். இரவில் மூன்று முறை கேட்டைத் திறந்துகொண்டு சாலைக்குப் போனவரை எத்தனை மாதம் நீங்கள் தனியாகக் காத்தீர்கள் என்பதை எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

எல்லாத் தவிப்பையும் பழகாததால் வருவது என்று ஒதுக்கிவிடவும் கூடாது; இதில் மட்டும் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால், இல்லாததைக் கண்டு பேசினால், பகலெல்லாம் எழுப்ப முடியாதபடி மயங்கிக் கிடந்தால், அது மறதி நோயின் போக்காக இருக்காது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றிப்போதல், புது மாத்திரை, சர்க்கரை இறங்குதல் போன்ற ஏதோ ஒன்றின் அறிகுறி, அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை எடை பார்க்கச் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில், தோளில் காரணம் சொல்லப்படாத கன்றிய தழும்புகள் இருந்தால் படம் எடுத்துவிட்டுக் கேளுங்கள். அமைதியாக இருக்க என்று மாத்திரை தொடங்குவதாகச் சொன்னால், அதன் பெயரையும் எத்தனை நாளுக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள். ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் போன்ற மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. அவை தேவைப்படும் நேரங்கள் உண்டு. அப்போதும் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மறுபரிசீலனைத் தேதியோடு கொடுக்கப்பட வேண்டும். நான் சொன்ன எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பின்பும், தாள் தலைமாட்டில் ஒட்டப்படாமலே கிடந்து, ஆறேழு வாரத்தில் எடையும் இறங்கி, கேட்டால் எரிந்து விழுகிறார்கள் என்றால், அப்போது அண்ணன் சொல்வதைச் செய்யுங்கள். அல்லது வேறு இல்லம் பாருங்கள். கட்டடம் சற்றுச் சுமாராக இருந்தாலும் நீங்கள் வாரம் மூன்று முறை போகக்கூடிய தூரத்தில் இருப்பதே நல்லது. மாலை நெரிசலில் பினாங்குப் பாலத்தைக் கடந்து பழகியவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பணக் காரியம் ஒரு வரி. அம்மா கையெழுத்திட்ட சாதாரணப் பவர் ஆஃப் அட்டர்னியை நம்பியிருக்காதீர்கள். அவர் முடிவெடுக்கும் திறனை இழந்த பிறகு அது செல்லாமல் போகும். அவர் சார்பில் பணக் காரியங்களைக் கவனிக்க, 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும் வழியை ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இல்லத்துக்குக் கட்டும் ரசீதுகளையும் மருத்துவரின் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் கழிவு உண்டு.

தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்து வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த ஆண்டு வேண்டாம் என்பேன். நெரிசலும் பட்டாசும் முப்பது பேர் முகமும், முடிந்தபின் திரும்பிப் போகும் பயணமும், அரும்பாடுபட்டு வந்த நிலையைக் குலைத்துவிடும். விடியற்காலை நீங்களும் அண்ணனும் நல்லெண்ணெயோடு அங்கே போய் அவருக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுங்கள். புதுப் புடவையை மேலே போர்த்தி, இட்டிலியை அங்கேயே ஊட்டுங்கள்.

அக்காள் இரவில் அழுவதைப் பற்றி. அவர்தான் மூத்தவர் என்றால், அம்மாவின் இளமைக் காலத்தை உங்கள் மூவரில் அதிகம் அறிந்தவரும் அவராகத்தான் இருப்பார். தலைமாட்டில் ஒட்ட வேண்டிய அந்தத் தாளை அவரையே எழுதச் சொல்லுங்கள். அம்மாவைச் சின்ன வயதில் அவருடைய வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்; சனிக்கிழமைக்குள் அனுப்பிவிட்டால், அன்று காலை போகும்போது நீங்கள் அதை எடுத்துப் போகலாம்.